எழுத்தாய் வந்த கண்

ஒரு படத்தை எழுத்துகளாக மாற்றுவது எளிது. அவ்வாறு மாற்றப்பட்ட எழுத்துகளை மீண்டும் படமாக்குவது அதனினும் எளிது. கணினியின் கருந்திரையில் ஒரேயொரு வரியைத் தட்டி, ஒரேயொரு விசையை அழுத்தினால் போதும். இமைப்பதற்குள் வேலை முடிந்துவிடும். அந்த ஒரு வரியைத் தட்டுவதற்காக அரசு ஓர் இயக்ககத்தை நிறுவியிருந்தது. குறியாக்கக் கோப்பு விடுவிப்பு இயக்ககம் என்பது அதன் பெயர். அதற்கு ஐந்து மாடிகளும், இரண்டு மின்தூக்கிகளும், அவற்றுள் ஒன்று இயங்காது என்பதைத் தெரிவிக்கும் பித்தளைப் பலகையொன்றும் இருந்தன. பலகை நாள்தோறும் துலக்கப்பட்டது.

முன்னொரு காலத்தில் மருத்துவமனைகளை இணைத்திருந்த கம்பிகள் எழுத்தை மட்டுமே சுமக்க வல்லனவாக இருந்தன. ஆகவே எலும்பின் படமாயினும் இதயத்தின் படமாயினும் அதனை எழுத்துகளாக்கி ஒரு முனையில் அனுப்புவர். மறுமுனையில் இயக்ககம் அதனைப் படமாக்கி உரியவரிடம் விடுவிக்கும். பின்னர்க் கம்பிகள் மாறின. படங்கள் படங்களாகவே பறக்கத் தலைப்பட்டன. ஆயினும் இயக்ககம் இருந்தமையால் படங்கள் தொடர்ந்து எழுத்தாக்கப்பட்டன. இயக்ககத்துக்கு வேலை இருந்தமையால் அதற்கு மேலும் ஒரு மாடி எழுப்பப்பட்டது.

குழாய்க்காரர் இவ்வரலாறு எதனையும் அறியார். எந்த வீட்டில் எந்த மூட்டு கசிகிறது, எந்தக் குழாய்க்கு எந்த வளையம் பொருந்தும் என்பனவே அவர் அறிந்தவை. அவருடைய மனைவி ஆயத்த ஆடைக் கூடமொன்றில் தையல்காரி. அவளுக்கு இடக்கண் குழந்தைப் பருவத்திலேயே போய்விட்டது. இருந்த ஒற்றைக் கண்ணால்தான் அவள் ஊசியில் நூல் கோத்தாள், கணவனை முறைத்தாள், குடும்பத்தை நடத்தினாள். ஒருநாள் அக்கண்ணின் ஓரத்தில் ஒரு கரிய திரை இறங்கியது. பக்கத்து ஊர் மருத்துவமனையில் உள்விழியைப் படமெடுத்தார்கள். விழித்திரை கிழிந்திருக்கிறது, நகரத்துப் பெரிய மருத்துவமனைக்குப் போங்கள் என்றார்கள். அவர்கள் நகரம் வந்து சேர்வதற்குள் கண்ணுக்குள் இரத்தம் கசிந்துவிட்டது.

நகரத்துக் கண் மருத்துவர் ஓர் அம்மையார். சுற்றி வளைத்துப் பேசும் வழக்கமில்லாதவர்.

"உள்ள முழுக்க ரத்தம் கலங்கிக் கிடக்கு. இப்ப படம் எடுத்தா ஒண்ணும் தெரியாது. ரத்தம் கசியறதுக்கு முந்தி அங்க எடுத்தாங்க பாருங்க, அந்தப் படம் வேணும். அதுலதான் கிழிசல் எங்கன்னு இருக்கும். அது இல்லாம நான் உள்ள கத்தி வைக்க மாட்டேன்."

"அது வந்ததும் சரியாயிடுமா டாக்டர்?"

மருத்துவர் ஒரு சிறு விளக்கைத் தையல்காரியின் கண்ணருகே பிடித்தார். "வெளிச்சம் தெரியுதாம்மா?"

"தெரியுது. திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் யாரோ விளக்கோட நடக்குற மாதிரி."

"இது தெரியுற வரைக்கும் பிழைச்சோம். இதுவும் போயிடுச்சுன்னா அப்புறம் படம் வந்து ஒண்ணும் ஆகப்போறதில்ல. சீக்கிரம் வாங்கிட்டு வாங்க. இயக்ககத்துலதான் வாங்கணும். அவங்க முத்திரை இல்லாத படத்தை நான் தொட்டா, அடுத்த நாள் இந்த ஆஸ்பத்திரிக் கதவு எனக்குத் திறக்காது."

குழாய்க்காரர் காலில் வெந்நீர் கொட்டியவர்போல் ஓடினார்.

இயக்ககத்தின் வரவேற்புக் கூடம் விசாலமானது. அதன் நடுவே, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், வரவேற்பு எழுத்தர் அமர்ந்து நகங்களுக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். இடக்கையின் சாயம் உலரும்வரை அவளால் வலக்கையால் மட்டுமே தேட இயன்றது.

"வந்துடுச்சுங்க. நேத்தே வந்துடுச்சு."

குழாய்க்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அப்ப குடுத்துடுங்கம்மா, புண்ணியமாப் போகும்."

"படமா வரலீங்களே. எழுத்தா வந்திருக்கு."

அவள் மணியடித்தாள். ஒருவன் தள்ளுவண்டியில் ஒரு தாள்கட்டைத் தள்ளிக்கொண்டு வந்தான். கணினிக்குள் வந்த கோப்பைக் கணினிக்குள்ளேயே வைத்துப் பார்ப்பது இயக்ககத்தின் மரபன்று. வந்தவுடன் அதனை அச்சிடுவர். அச்சிட்டதைப் பிரிவுகள் ஆராயும். ஆராய்ந்து முடிந்ததைப் புதிதாகத் தட்டச்சு செய்வர். தட்டச்சு செய்ததன்மீதே அந்த ஒரு வரிக் கட்டளை தட்டப்படும். கணினியில் கிடக்கும் மூலத்தை ஒருவரும் தொடுவதில்லை. தொட்டுவிட்டால் அது மூலமாக இராது என்பது இயக்ககத்தின் முதல் இயக்குநரின் கருத்து. அக்கருத்து மாடிப்படியருகே கல்லில் பொறிக்கப்பட்டிருந்தது.

குழாய்க்காரர் மேல் தாளைக் குனிந்து நோக்கினார். முதல் வரி நீங்கலாக வரிகள் எல்லாம் ஒரே நீளம். அவை யாவும் 'எம்' என்னும் ஆங்கில எழுத்தில் தொடங்கின. அதன் பின்னே கேள்விக்குறியும் காற்புள்ளியும் விழுக்காட்டுக் குறியும், கோழி கிளறிய குப்பைபோலச் சிதறிக் கிடந்தன.

"இதுதாங்க உங்க வீட்டம்மா கண்ணு" என்றாள் எழுத்தர்.

அவர் சற்று நேரம் பார்த்தார். "இதுல எதும்மா மேல்பக்கம்?"

"தொடாதீங்க, தொடாதீங்க. விரல் ரேகை பட்டா மறுபடி முதல்லேர்ந்து அச்சடிக்கணும்."

"இந்த எழுத்தையாவது குடுத்தீங்கன்னா, வெளிய தெரிஞ்சவங்க யாரையாவது வெச்சு…"

எழுத்தர் அதிர்ந்தாள், சாயம் விரலெங்கும் பரவியது. "என்ன பேசுறீங்க? இது படிக்க முடியாத கோப்பு. படிக்க முடியாததை வெளிய விட்டா யாராவது படிச்சுட மாட்டாங்களா?"

தாள்கட்டு தள்ளுவண்டியில் ஏறி, இயங்கும் மின்தூக்கி வழியாக மேலே சென்றது. அதில் கோப்புகள் மட்டுமே செல்லலாம். குழாய்க்காரர் படியேறினார்.

இரண்டாம் மாடியில் இருந்தது மொழிச் சீர்மைப் பிரிவு. இயக்ககத்தின் வழியாகச் செல்லும் எவ்வெழுத்தும் பிழையின்றிச் செல்ல வேண்டும் என்பதற்காக ஏற்படுத்தப்பட்டது அது. பிரிவின் கண்காணிப்பாளரைப் 'புலவர்' என்று அழைத்தனர். அவரும் அதனை மறுத்ததில்லை. துணைக் கண்காணிப்பாளர் ஓர் அம்மையார். புலவரின் ஒவ்வொரு கருத்துக்கும் எதிர்க்கருத்து வைத்திருப்பதே அவருடைய பணி எனக் கருதி வாழ்ந்தவர். தையல்காரியின் கண் இருவருக்கும் நடுவே மேசைமீது விரிக்கப்பட்டது.

"ஆகா!" என்றார் புலவர். "வரிதோறும் ஒரே எழுத்துல தொடங்குது பாருங்க. அடிமோனை! இந்தக் காலத்துல யாருங்க இப்படி எழுதுறாங்க?"

"மோனையாவது மண்ணாவது. எழுதத் தெரியாதவன் எழுதினது. முதல் பக்கத்துலேர்ந்து கடைசிப் பக்கம் வரைக்கும் அதே எழுத்துன்னா படிக்கிறவனுக்குச் சலிக்காதா?"

"உங்களுக்குச் செவி நுகர்ச்சி பத்தாது."

"உங்களுக்கு வேற ஏதோ பத்தாது. வாயைக் கிளறாதீங்க."

குழாய்க்காரர் வாயிலில் நின்று கையைப் பிசைந்தார். "ஐயா, அது கண்ணுங்க. படமாக்கப் போற எழுத்து. அதைத் திருத்தினா…"

புலவர் கண்ணாடியைக் கழற்றினார். "தம்பி, உள்ள வர்றப்ப அது உங்க கண்ணா இருக்கலாம். வெளிய போறப்ப அது எங்க நடை."

வழக்கு நண்பகல்வரை நீண்டு, இருவர் மானமும் காக்கப்படும் விதத்தில் முடிந்தது. ஒன்றுவிட்டு ஒரு வரியில் முதலெழுத்தை நீக்குவதென உடன்பாடு காணப்பட்டது. அதன் பின்னர்க் கேள்விக்குறிகளை எடுத்துக்கொண்டனர். கேள்வி கேட்கும் எந்தக் கோப்புக்கும் விடையளிக்காமல் மேலே அனுப்பலாகாது என்பது விதி. தையல்காரியின் கண்ணோ பக்கந்தோறும் கேள்வி கேட்டது. துணைக் கண்காணிப்பாளர் சலிப்பின்றி அமர்ந்து, ஒவ்வொரு குறியின் அருகிலும் 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ எழுதினார். ஐயம் எழுந்த இடங்களில் 'பரிசீலனையில் உள்ளது' என்று எழுதினார்.

இறுதியில் புலவரின் சிவப்புப் பேனா கோப்பின் முதல் வரிக்கு வந்தது. கோப்பின் மற்ற வரிகள் யாவும் பொருளற்றவை; முதல் வரி மட்டும் 'தொடங்கு' என்று தெளிவாகச் சொல்லியது. அதற்குப் பின் ஓர் எண்ணும் படத்தின் பெயரும் இருந்தன.

"இது யாரு யாருக்குப் போடுற உத்தரவு?" என்றார் புலவர், குரலைத் தாழ்த்தி.

துணைக் கண்காணிப்பாளர் தம் வாழ்நாளில் முதன்முறையாக அவருடன் உடன்பட்டார். "நம்ம ஆபீசுல இயக்குநரைத் தவிர வேற யாரும் எதையும் தொடங்கச் சொல்லக் கூடாது. அடிச்சுடுங்க."

முதல் வரி அடிக்கப்பட்டது. கோப்பின் கடைசி வரியில் 'முடிவு' என்று இருந்தது. அதனை அவர்கள் அன்போடு நோக்கினர்.

"இருக்கட்டும்" என்றார் புலவர். "முடிவை யாரும் ஆட்சேபிக்க மாட்டாங்க."

நகரத்தில் அவர்கள் தங்கியிருந்த வீட்டில் தையல்காரி சன்னலருகே நாற்காலியைப் போட்டு அமர்ந்திருந்தாள். எல்லாவற்றுக்கும் முன்பு வெளிச்சத்தைச் சரிபார்ப்பது அவள் வழக்கமாகியிருந்தது. கையைக் கண்ணுக்கும் சன்னலுக்கும் நடுவே கொண்டுபோவாள், எடுப்பாள், மீண்டும் கொண்டுபோவாள்.

"இங்க பாரு" என்று தொடங்கினார் குழாய்க்காரர்.

"எங்க பாக்கச் சொல்றீங்க? சொல்லுங்க, பாத்துடுவோம்."

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "உன் கண்ணை இன்னிக்கு மேசைமேல பரப்பி வெச்சிருந்தாங்க. மோனை நல்லா இருக்காம்."

"அது யாரு மோனை? அந்த ஆபீசுல வேலை பாக்குறவளா?"

அவர் சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள்; ஆனால் கையைச் சன்னல்பக்கம் மீண்டும் கொண்டுபோனாள். "காலைல இருந்ததவிட மங்கலா இருக்குங்க. மேகம் போட்டிருக்கா?"

வானம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. "ஆமா" என்றார் அவர். "மழை வரும்போல."

திருத்தப்பட்ட கண் மூன்றாம் மாடியில் தட்டச்சு செய்யப்பட்டு, மேலும் கீழும் இயக்ககத்தின் பெயர் பொறிக்கப்பட்டு, நான்காம் மாடியில் கட்டளையரிடம் சென்றது. கட்டளையர் என்பது பதவியின் பெயர். இயக்ககத்தில் அந்த ஒரு வரியைத் தட்டும் அதிகாரம் படைத்தவர் அவர் ஒருவரே. ஆகையால் அவர் வேறெந்த வேலையும் செய்வதில்லை. தட்டும் விரல் தேயக் கூடாதென்று அவர் தேநீர்க் குவளையையும் தாமாக எடுப்பதில்லை. ஓர் ஏவலாள் வாயருகே பிடிப்பான்.

அவருடைய அறையில் மரணம் நேர்ந்த வீட்டின் அமைதி நிலவியது. விசைப்பலகை வெல்வெட்டுத் துணியால் மூடப்பட்டிருந்தது. துணை இயக்குநரும் புலவரும் குழாய்க்காரரும் சுவர்ப்பக்கம் திரும்பி நிற்குமாறு பணிக்கப்பட்டனர்.

"எதுக்குங்க?" என்று கேட்டார் குழாய்க்காரர், சுவரைப் பார்த்தபடி.

"வரியைப் பாத்துட்டீங்கன்னா நீங்களே தட்டிட மாட்டீங்களா?" என்றார் கட்டளையர். "இருபது வருஷம் தவம் கிடந்து கத்துக்கிட்டது. கோப்புப் பேருக்கு முன்னாடி ஒரு சொல்லு. அந்தச் சொல்லை என் சம்சாரத்துக்கிட்டகூட நான் சொன்னதில்ல."

"கேட்டாங்களா?"

"கேக்க மாட்டா. அவ நல்ல குடும்பத்துப் பொண்ணு."

வெல்வெட்டு விலகும் ஒலி கேட்டது. விசைகள் தட்டப்பட்டன. நீண்ட மூச்சொன்று இழுத்துவிடப்பட்டது. இறுதி விசை அழுத்தப்பட்டது.

கருந்திரையில் உடனே விடை வந்தது: தொடக்க வரி இல்லை.

கட்டளையரின் முகத்தில் ஈயாடவில்லை. தம் பணிக்காலத்தில் எத்தனையோ முறை இவ்விடையை அவர் பெற்றிருந்தார். ஆனால் வெளியார் முன்னிலையில் பெற்றதில்லை. துணை இயக்குநர் திரும்பிப் பார்த்தார்; படித்தார்; சிவந்தார்.

"கருவி நம்மளையே எதுத்துப் பேசுது!"

"பேசுது சார்."

"இது பயிற்சிக் குறைவா, திமிரா?"

"ரெண்டும் இருக்கும்போலத் தெரியுது சார்."

குழாய்க்காரர் தயங்கினார். மனைவியின் கண் நினைவுக்கு வந்தது, தயக்கத்தை விட்டார். "ஐயா, அந்தத் தொடக்க வரியை இவருதாங்க சிவப்புல அடிச்சாரு. நான் அங்கதான் நின்னுக்கிட்டு இருந்தேன். என் கண்ணால பாத்தேன்."

புலவர் கூரையை ஆராய்ந்தார்.

"நீங்க பாத்தீங்களா?" என்றார் துணை இயக்குநர் மெல்ல. "அப்படின்னா நீங்க சாட்சி."

"ஆமாங்க."

"சாட்சின்னா விசாரணை நடக்கணும். விசாரணை முடியிற வரைக்கும் கோப்பு நகரக் கூடாது. சாட்சி அதுவரைக்கும் கட்டடத்துக்குள்ள வரக் கூடாது. சட்டம் உங்க நன்மைக்குத்தான்."

காவலர் இருவர் அவரைப் படிவழியே இறக்கிவிட்டனர். அன்புடனேதான் இறக்கிவிட்டனர், ஒருவர் அவருடைய கருவிப் பையைக்கூடத் தூக்கி வந்தார்.

விசாரணைக் குழு முறையாகக் கூடியது. புலவரே அதற்குத் தலைமை தாங்கினார். நிகழ்வைக் குறித்து அவரைவிட நன்கறிந்தவர் இல்லை என்பது காரணமாகக் கூறப்பட்டது. கருவியை நேரில் விசாரித்தனர். அதே வரியை மீண்டும் மீண்டும் தட்டினர். அது அதே விடையை மீண்டும் மீண்டும் அளித்தது. அதனை வருத்தமின்மைக்குச் சான்றாகக் குழு பதிவு செய்தது. கருவிக்கு எழுத்துமூலம் எச்சரிக்கை வழங்கப்பட்டு, அவ்வெச்சரிக்கை அதன் திரைமீதே ஒட்டப்பட்டது. அதன் பின்னர்த் திரை தெரியவில்லை. கருவி எதிர்த்துப் பேசுவதும் நின்றுவிட்டதாகக் குழு மனநிறைவு தெரிவித்தது.

இவ்வளவும் நடந்துகொண்டிருக்க, குழாய்க்காரர் எதிர்த் தெருவில் நின்று அக்கட்டடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலைக்குக் கூப்பிட்ட வீடுகளுக்கு அவர் போகவில்லை. ஒருநாள் கட்டடத்தின் ஐந்தாம் மாடிக் கழிப்பறையில் குழாய் வெடித்தது. நீர் படிவழியே அருவியாக இறங்கியது. காவலர் வெளியே ஓடிவந்து, கருவிப் பையுடன் நிற்பவரைக் கண்டு, சாட்சி என்பதை மறந்து உள்ளே இழுத்துச் சென்றனர்.

வெடித்த குழாய் இயக்குநரின் தனிக் கழிப்பறையில் இருந்தது. இயக்குநர் நாற்காலியின்மேல் கால்களைத் தூக்கி வைத்து அமர்ந்திருந்தார். குழாய்க்காரர் அடைப்பானைத் திருகி நீரை நிறுத்தினார். நனைந்தபடி வந்து இயக்குநரின்முன் நின்றார்.

"ஐயா, என் வீட்டுக்காரிக்கு இருக்குறதே ஒரு கண்ணு. அவ கண்ணுப் படம் உங்ககிட்ட கிடக்கு. டாக்டர் தினமும் கேக்குறாங்க. மூலம் கம்ப்யூட்டர்லயே இருக்காம். அதுல ஒரு வரி தட்டினாப் போதுமாம். தட்டச் சொல்லுங்கய்யா. உங்க கால்ல விழுறேன்."

இயக்குநர் பண்பாளர். உரத்துப் பேசியறியாதவர். "எழுந்திருங்க, எழுந்திருங்க. கால் ஈரமா இருக்கு" என்றார். பின்னர் நாற்காலியிலேயே நிமிர்ந்து அமர்ந்து விளக்கலானார். "உங்க வேதனை எனக்குப் புரியாம இல்ல. ஆனா என் நிலைமையையும் நீங்க புரிஞ்சுக்கணும். மூலத்துல நேரா ஒரு வரி தட்டினா படம் வந்துடும்னு எனக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரியும். அதுதான் ஆபத்தே. இன்னிக்கு உங்களுக்கு அப்படிக் குடுத்தேன்னு வெச்சுக்கங்க. நாளைக்கு இன்னொருத்தர் வருவார். அவருக்கும் படம் கிடைச்சுடும். அப்புறம் எல்லாருக்கும் கண்ணு தெரிய ஆரம்பிச்சுடும். நாலு மாடி ஜனங்க எங்க போவாங்க? அவங்களுக்கும் குடும்பம் இருக்கு. அவங்க வீட்டுப் பொம்பளைங்களுக்கும் கண்ணு இருக்கு, ரெண்டு ரெண்டு. கணக்குப் போட்டுப் பாருங்க."

குழாய்க்காரரின் சட்டையிலிருந்து நீர் சொட்டியது. விரிப்பு நனைவதைக் கண்ட இயக்குநர் மனம் இளகினார்.

"என்ன படம்னு சொன்னீங்க?"

"கண்ணுங்கய்யா. உள்கண்ணு."

"கலரா இருக்குமா?"

"ஆரஞ்சு நிறத்துல இருந்துச்சுங்க. அங்க காட்டினாங்க."

இயக்குநரின் முகம் மலர்ந்தது. இயக்ககத்தின் ஆண்டு விழா நெருங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வோர் ஆண்டும் மேடையில் ஒரு கோப்பை அனைவர் முன்னிலையிலும் விடுவிப்பது வழக்கம். சென்ற ஆண்டு விடுவித்தது நுரையீரல், கறுப்பு வெள்ளை, பின்வரிசைக்குத் தெரியவில்லை என்று முறையீடு வந்திருந்தது.

"உங்களுக்காகச் சிறப்பு அனுமதி தர்றேன்" என்றார் இயக்குநர். "மூலத்துலேர்ந்தே தட்டுவோம். மேடையில. பெரிய திரையில. அமைச்சர் முன்னாடி."

"இன்னிக்கேவாங்கய்யா?"

"விழா அன்னிக்கு. அதுக்கு முன்னாடி திறந்துட்டா மேடையில என்னத்தைத் திறக்கிறது?"

விழாவன்று காலையில் தையல்காரி எழுந்து சன்னலருகே சென்றாள். கையைக் கொண்டுபோனாள், எடுத்தாள். கொண்டுபோனாள், எடுத்தாள்.

"சன்னலைத் திறங்களேன்" என்றாள்.

சன்னல் திறந்துதான் இருந்தது. வெயில் அவள் முகத்தின்மீது, திறந்திருந்த அந்த விழியின்மீது, நேராக விழுந்துகொண்டிருந்தது. அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். சூடு தெரிந்திருக்க வேண்டும். கையை மெல்லக் கீழே இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள். குழாய்க்காரர் அவளருகே தரையில் உட்கார்ந்து, உரத்து அழத் தொடங்கினார்.

"சும்மா இருங்க" என்றாள் அவள் நெடுநேரம் கழித்து. "அழுதா போனது வருமா? அந்த ஊதாப் புடவையை எடுத்துக் குடுங்க. ஊதாதானான்னு பாத்து எடுங்க. உங்களுக்குக் கறுப்பும் ஊதாவும் ஒண்ணு."

"இனிமே எதுக்கு அங்க போறது? டாக்டர்தான் அன்னிக்கே சொன்னாங்களே."

"எனக்கு இத்தனை வருஷம் உழைச்ச கண்ணு. அது எப்படி இருந்துச்சுன்னு நான் பாத்ததே இல்ல. நீங்களாவது பாத்துச் சொல்லுங்க. வாங்க."

விழா மண்டபம் நிரம்பியிருந்தது. அமைச்சர் பேசினார், துணை இயக்குநர் பேசினார், புலவர் வாழ்த்துப்பா ஒன்றைப் படித்தார், எல்லா வரியும் ஒரே எழுத்தில் தொடங்கியது. இயக்குநர் இறுதியாக எழுந்தார்.

"பெரியோர்களே! ஒரு சாதாரணப் பிரஜையின் ஒற்றைக் கண்ணுக்காக, ஐந்து மாடிகளும் அல்லும் பகலும் உழைத்திருக்கின்றன. எத்தனை கைகள்! எத்தனை கையொப்பங்கள்! இக்கண்ணை நாங்கள் அவசரப்படுத்தவில்லை. ஓர் உயிரற்ற கருவி இமைப்பொழுதில் செய்துவிடும் வேலையை, மனிதர்களாகிய நாங்கள் மனிதர்களுக்கே உரிய நிதானத்தோடு செய்தோம். இதுவே எங்கள் தொண்டு!"

கரவொலி எழுந்தது. கட்டளையர் மேடைக்கு அழைத்துவரப்பட்டார். மண்டபம் முழுவதும் எழுந்து, நாற்காலிகளைத் திருப்பி, அவருக்கு முதுகு காட்டி நின்றது. அமைச்சரும் திரும்பி நின்றார். விசைகள் தட்டப்பட்டன. அனைவரும் மீண்டும் திரும்பியபோது, மேடையின் பெருந்திரையை முழுவதுமாக நிறைத்துக்கொண்டு தையல்காரியின் கண் எரிந்தது.

கூட்டத்தில் வியப்பொலி பரவியது. பின்வரிசைக்கும் நன்றாகத் தெரிந்தது.

குழாய்க்காரரும் தையல்காரியும் மேடைக்கு ஏற்றப்பட்டனர். அவள் அவருடைய முழங்கையைப் பற்றியிருந்தாள்.

"எப்படிங்க இருக்கு?" என்றாள், வாயசையாமல்.

"பெரிசா இருக்கு. ஆரஞ்சா, வட்டமா. நடுவுல நரம்பு கொடிகொடியா ஓடுது. அழகா இருக்குடி."

"கிழிசல் தெரியுதா?"

"தெரியுது. மேல, வலது ஓரமா."

"எவ்வளவு நீளம்?"

அவர் திரையை அண்ணாந்து பார்த்தார். "சின்னதுதான். சட்டைக்குப் பட்டன் போட ஓட்டை விடுவியே, அந்த மாதிரி."

"அவ்வளவுதானா?" என்றாள் தையல்காரி. "உக்காந்தா ஒரு டீ குடிக்கிற நேரத்துல தைச்சுடலாமே."

இயக்குநர் ஒலிவாங்கியுடன் அணுகினார். "அம்மா, விதிப்படி ஒரு சின்னச் சடங்கு பாக்கி இருக்கு. உரியவர் தன் கண்ணால கண்டு, இது என்னுடையதுதான்னு உறுதி செய்யணும். அப்பதான் முத்திரை விழும். திரையைப் பாத்துச் சொல்லுங்க."

"எனக்குத் தெரியலைங்க."

"கொஞ்சம் கிட்ட போய்ப் பாருங்க."

"கிட்ட போனாலும் தெரியாதுங்க. வெளிச்சமே தெரியல. இன்னிக்குக் காலைலேர்ந்து."

இயக்குநர் ஒலிவாங்கியைக் கையால் மூடினார். துணை இயக்குநரும் புலவரும் நெருங்கினர். மூவரும் குசுகுசுத்தனர்.

"புருஷன் பாத்துச் சொல்லட்டுமே?"

"அவர் சாட்சி சார். விசாரணை இன்னும் மூடல. அவர் பாத்தது செல்லாது."

"அப்ப?"

"உறுதி செய்யப்படாத படம் சார். உரியவரால காண இயலலைன்னா, மறுபடி எழுத்தாக்கி அனுப்பின ஊருக்கே திருப்பிடணும். விதி தெளிவா இருக்கு."

"அமைச்சர் காத்திருக்கார். எவ்வளவு நேரம் பிடிக்கும்?"

"எழுத்தாக்கறதுக்குப் பிரிவு எதுவும் கிடையாது சார். யாரும் பாக்க வேண்டியதில்ல. ஒரு வரிதான்."

இயக்குநர் தலையசைத்தார். கட்டளையர் இம்முறை யாரையும் திரும்பி நிற்கச் சொல்லவில்லை, வெல்வெட்டையும் தேடவில்லை. நின்றவாறே ஒற்றை விரலால் தட்டினார். ஆரஞ்சு வட்டம் மறைந்தது. வெண்திரையில், மேலிருந்து கீழாக, எழுத்துகள் வரிவரியாக நிறைந்தன. சடங்கு நிறைவடைந்ததெனக் கருதிய கூட்டம் எழுந்து நின்று ஆரவாரம் செய்தது.

தையல்காரி முகத்தை ஒலி வந்த திசைக்குத் திருப்பினாள்.

"எதுக்குங்க கை தட்டுறாங்க?"

குழாய்க்காரர் அவள் புடவைத் தலைப்பைச் சரிசெய்தார். மேடையின் படி எங்கே தொடங்குகிறது என்று காலால் துழாவினார்.

"வேலை முடிஞ்சுதாம்" என்றார். "பாத்து இறங்கு."